ஜன்னல் பக்கத்துக் கன்னம்

தொழிற்சாலையில் என் வேலை
கோப்பைகளின் பெயரை மறைப்பது.
பன்னிரண்டு வெள்ளைக் கிண்ணம், பன்னிரண்டு எண்.
எந்தத் தோட்டம், யார் பறித்த இலை,
முதலாளியின் மைத்துனர் அனுப்பியதா என்பதெல்லாம்
கவிழ்த்த தாளுக்குள் கிடக்கும்.
உறிஞ்சி, உருட்டி, துப்பி,
விலை சொன்ன பிறகுதான் தாளைத் திருப்புவார் பெள்ளிராஜ்.
பெயர் தெரிந்த நாக்கு பொய் சொல்லும்;
எங்கள் அறையில் இது எல்லோருக்கும் தெரியும்.

அதே நான்தான்
குன்னூர் பெட்போர்டில் ஒரு சனிக்கிழமை
ஆயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து
பனிமலர்ச் சாறு சேர்த்த கிரீம் வாங்கினேன்.
கண்ணாடி ஜாடி கனம். உள்ளே இருந்தது ஒரு கரண்டி.
போனில் ஒருத்தி பளிங்குக் கன்னத்தைத் தட்டிக் காட்டி
பதினாலே நாள், என்றிருந்தாள்.
அவள் ஊரில் என்ன வெயில்,
அவள் அறையில் எத்தனை விளக்கு,
கேட்கத் தோன்றவில்லை.

பில்லைப் பார்த்த யோகேஸ்வரி சிரிக்கவில்லை.
பாக்கிங்கில் இருக்கிறாள், கணக்கில் கெட்டி.
"கிண்ணத்துக்குப் பேர மறைக்கிறவ
ஜாடிக்கு மட்டும் ஏன் மறைக்கல?"

இரண்டு சுண்ணாம்பு டப்பியைக் கழுவிக் காயவைத்தாள்.
ஒன்றில் என் பனிமலர்.
இன்னொன்றில் அரசு ஆஸ்பத்திரியில் எழுதித் தரும்
பெயர்கூட ஞாபகம் நிற்காத வெள்ளை கிரீம்.
சிவப்புப் பொட்டு ஒன்றுக்கு, நீலப் பொட்டு ஒன்றுக்கு.
எது எது என்ற சீட்டு அவள் மணிபர்ஸில்.

இடக்கன்னத்துக்குச் சிவப்பு, வலக்கன்னத்துக்கு நீலம்,
மாசி பிறந்ததிலிருந்து ஆறு வாரம்.
தேயிலைக்கு விலை சொல்லும் மூக்கைக்
காலையும் இரவும் கிள்ளிப் பிடித்தபடி பூசினேன்.
ஞாயிறுதோறும் அதே கதவோரம், அதே வெளிச்சம்;
சிரிக்காதே, என்று படமெடுத்தாள்.
அவள் தம்பி கல்யாணத்தன்றும் விடவில்லை.

ஆறாவது வாரம்:
காற்றில் வெடித்த தோல் இரண்டு பக்கமும் மூடியிருந்தது.
ஆனால் இடப்பக்கம் எலும்பின்மேல் கருத்திருந்தது,
நொதிக்க விட்ட இலையின் ஓரம் போல.
ஆஸ்பத்திரி கிரீமின் வேலை, என்றேன்.
சீட்டைப் பிரித்தாள். சிவப்புதான் பனிமலர்.

புகார் எழுத உட்கார்ந்தேன்.
மூன்று வரி எழுதியும் விட்டேன்.

மறுநாள் ஏழே கால் பஸ்.
கோத்தகிரியில் ஏறினால் எனக்கு எப்போதும் இடப்பக்க ஜன்னல்.
கட்டபெட்டு தாண்டியதும் மூடுபனி கிழிந்து
வெயில் வந்து என் இடக்கன்னத்தில் உட்கார்ந்தது,
சீசன் டிக்கெட் எடுத்தவரைப் போல.
மாலையில் சூரியன் மேற்கே, பஸ்ஸும் எதிர்முகம்,
நான் மறுபடியும் இடப்பக்கம்.
இரண்டு வேளையும் ஒரே கன்னம்.

குளிர்கிறதே என்று
வெயிலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை நாங்கள்.
உயரத்தில் காற்று மெலிசு; மெலிந்த சல்லடையில்
வெயில் அதிகமாய் இறங்கும்.
ஸ்வெட்டருக்குள் நடுங்குகிறவளின் முகமும் வேகும்.

புகாரைக் கிழித்தேன்.
கருத்ததற்கு நீ பொறுப்பில்லை, என்று ஜாடியிடம் சொன்னேன்.
தோல் மூடியதற்கும் நீ மட்டும் பொறுப்பில்லை.

யோகேஸ்வரி புது நோட்டு வாங்கி வந்திருக்கிறாள்.
இந்த முறை இரண்டு கன்னத்துக்கும் ஆஸ்பத்திரி கிரீம்,
ஒன்றுக்கு மட்டும் மேலே சன்ஸ்கிரீன்.
ஒரு மாதம் இந்த ஜன்னல், ஒரு மாதம் அந்த ஜன்னல்.
என் நிறத்தோடு எனக்குச் சண்டை இல்லை,
இரண்டு பக்கமும் ஒரே ஆளாய்த் தெரிந்தால் போதும்.
ஒரு முகத்தை வைத்து ஊருக்குச் சொல்ல முடியாது, என்று
முதல் பக்கத்திலேயே அடிக்கோடிட்டிருக்கிறாள்.
இடம் மாறி உட்கார்ந்தால்
யாரோடம்மா சண்டை, என்கிறார் கண்டக்டர்.

போனில் அந்தப் பெண் இப்போது
நத்தையிலிருந்து எடுத்த எதையோ பூசுகிறாள்.
கன்னம் அழகாகத்தான் இருக்கிறது.
பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவாள் என்று மட்டும்
தெரிந்தால் நன்றாயிருக்கும்.